உத்தரவே போடாமல் ஒருவரை வெளியேற்றுவது எப்படி? மஹ்மூத் அப்துல் ரவூஃப் ஆடிய ஆறு நாடுகள்

அரசு அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. வாயைத் திறந்து கேள்வி கேட்கிறவரை "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவாங்க" என்பார்கள். வேலை போகாது, சம்பளமும் வரும், தண்டனை என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஆனால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அது தண்டனைதான் என்று. கேட்டால், "அவர் இன்னும் வேலையில்தானே இருக்கிறார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் இப்படி ஒரு மாற்றல் நடந்தது. நடந்தது மஹ்மூத் அப்துல் ரவூஃப் என்கிற கறுப்பின ஆட்டக்காரருக்கு. துருக்கி, ரஷ்யா, இத்தாலி, கிரீஸ், சவூதி அரேபியா, ஜப்பான் என்று ஆறு நாடுகளில் தொழில்முறையாக ஆடியவர் அவர். விளையாட்டுப் பக்கங்களில் இதை "நீண்ட சர்வதேச அனுபவம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், அவர் யார்? 1969-இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட் நகரில் கிறிஸ் ஜாக்சன் என்ற பெயரில் பிறந்தார். தாய் தனியாளாக வளர்த்த வறுமைக் குடும்பம். சிறு வயதிலிருந்தே உடல் தன்னையறியாமல் வெட்டி இழுக்கும், ஒரு செயலைச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஒரு கோளாறு அவருக்கு இருந்தது. டூரெட் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர் என்பதே 17 வயதில்தான் தெரிந்தது. வலைக்குள் பந்து விழும் ஓசை தன் மனதுக்குச் சரியாகக் கேட்கும்வரை வீசிக்கொண்டே இருப்பாராம். அப்படித்தான் அந்தக் கை பழகியது.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக ஆடியபோதே ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 30.2 புள்ளிகள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அது வரலாறு. 1990-இல் என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாடு முழுவதிலும் மூன்றாவது ஆளாக டென்வர் நகெட்ஸ் அணி அவரை எடுத்தது. கூடைப்பந்தில் 'கார்டு' என்பவர் பந்தை முன்னெடுத்துக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவர். ஆறடியை ஒட்டிய உயரம் கொண்ட இவர், ஏழடி ஆட்களுக்கு நடுவே நின்று ஆடினார். 1993-94 பருவத்தில் 229 ஃப்ரீ த்ரோக்களில் அவர் தவறவிட்டவை வெறும் 10. பிற்பாடு ஸ்டீஃபன் கர்ரி உலகப் புகழ் பெற்றபோது, சிகாகோ அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பில் ஜாக்சன் அவரை ஒப்பிட்டுச் சொன்ன பெயர் இவருடையதுதான்.

கல்லூரிப் பயிற்சியாளர் கொடுத்த மால்கம் எக்ஸின் தன்வரலாற்றைப் படித்தார். 1991-இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1993-இல் பெயரை மாற்றிக்கொண்டார். அந்தப் பருவத்தில்தான் என்.பி.ஏ.வின் 'மிகவும் முன்னேறிய வீரர்' விருதும் அவருக்குக் கிடைத்திருந்தது. மதமும் பெயரும் மாறியதால் ஆட்டம் கெட்டுவிடவில்லை. 1995-96 பருவத்தில் டென்வர் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே, சராசரி 19.2. டிசம்பரில் யூட்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 51 புள்ளிகள். மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அந்தப் பருவத்தில் 72 ஆட்டங்களை வென்று 10 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. அந்தப் பத்தில் ஒன்று 1996 பிப்ரவரி 4 அன்று டென்வரில். தொடர்ந்து 18 ஆட்டங்களை வென்று வந்த புல்ஸை அன்று நிறுத்தியதில் அப்துல் ரவூஃபின் பங்கு 32 புள்ளிகள்.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த எண்களை ஒரு பக்கமாகக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். திரும்ப இங்கே வருவோம்.

அந்தப் பருவம் முழுவதும் அவர் ஒரு காரியம் செய்துவந்தார். ஆட்டத்துக்கு முன் தேசியகீதம் இசைக்கும்போது எழுந்து நிற்பதில்லை. உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிடுவார், அல்லது பக்கவாட்டில் உடம்பைத் தளர்த்திக்கொண்டிருப்பார். பதாகை பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. மாதக்கணக்கில் அது யாரையும் உறுத்தவில்லை. செய்தியாளர்கள் கேட்டபோதுதான் காரணம் சொன்னார். அந்தக் கொடி சிலருக்கு விடுதலையின் சின்னமாக இருக்கலாம், பலருக்கு ஒடுக்குமுறையின் சின்னமாக இருக்கிறது, என் நம்பிக்கை அதற்கு எழுந்து நிற்க என்னை அனுமதிக்கவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

மிசிசிப்பியில் பிறந்த ஒரு கறுப்பர் இதைச் சொல்வதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? பருத்தித் தோட்ட அடிமைத்தனமும், மரத்தில் தொங்கவிட்டுக் கொல்லும் கும்பல் கொலைகளும், தனித்தனிக் குழாய்களும் தனித்தனிப் பள்ளிகளும் இருந்த மண் அது. ஆனால் 1996 மார்ச் 12 அன்று என்.பி.ஏ. அவரை இடைநீக்கம் செய்தது. கீதத்தின்போது வீரர்கள் வரிசையாகக் கண்ணியமான தோற்றத்தில் நிற்க வேண்டும் என்று லீக் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டினார்கள். ஒரே ஓர் ஆட்டம். அதற்கு அவர் இழந்த சம்பளம் 31,707 டாலர். வீரர்கள் சங்கம் அவர் பக்கம் நின்றது.

இங்கே அமெரிக்க அரசியல் சட்டம் எங்கே போனது என்று கேட்கலாம். 1943-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. வழக்காடியவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறுபான்மை மதப் பிரிவினர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த தீர்ப்பு அது! ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிராகத்தான். என்.பி.ஏ. அரசு அல்ல, தனியார் முதலாளிகளின் கூட்டமைப்பு. வீதியில் பேச உரிமை உண்டு, சம்பளம் வாங்கும் இடத்தில் அதே உரிமை அப்படியே கூட வராது. உரிமைகள் தாளில் இருப்பதற்கும் பிழைப்பில் இருப்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

இரண்டு நாளில் ஓர் உடன்பாடு வந்தது. எழுந்து நிற்பார், ஆனால் தலைகுனிந்து கண்மூடி, ஒடுக்கப்பட்டவர்களுக்காகத் தன் பிரார்த்தனையைச் சொல்லிக்கொள்வார். மார்ச் 15 அன்று சிகாகோவில் அப்படியே நின்றார். விதிப்படி பார்த்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அபராதம் கட்டியாயிற்று, எழுந்தும் நின்றாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

முடியவில்லை. டென்வரில் ஒரு வானொலி நிலையத்தின் ஊழியர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே புகுந்து, தொழ வந்தவர்கள் முன்னால் தேசியகீதத்தை ஊதினார்கள். அரங்குகளில் கூச்சல். பருவம் முடிந்த கையோடு ஜூனில் டென்வர் அணி தன் முதன்மைப் புள்ளி சேர்ப்பாளரை சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு என்ன வாங்கியது? காயங்களால் சோர்ந்திருந்த 32 வயது சருனாஸ் மார்ச்சுலியோனிஸையும், இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றையும். மார்ச்சுலியோனிஸ் தன் காலத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் டென்வருக்காக அவர் ஆடியது 17 ஆட்டங்கள் மட்டுமே. பிறகு ஓய்வு பெற்றார். 27 வயதில், உச்சத்தில் இருக்கும் கார்டை இந்த விலைக்கு ஓர் அணி விற்கிறது என்றால், அது கூடைப்பந்துக் கணக்கு மட்டும்தானா?

நியாயமாகப் பேச வேண்டும். சாக்ரமெண்டோவில் அவர் எண்கள் இறங்கின. முதல் பருவத்தில் சராசரி 13.7, அடுத்த பருவத்தில் 31 ஆட்டங்களில் 7.3. கண்ணில் ஏற்பட்ட பாதிப்பும் ஆட்டத்தைக் கெடுத்தது. 1998-இல் ஒப்பந்தம் முடிந்தபோது என்.பி.ஏ. முதலாளிகள் வீரர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருந்தார்கள். 1999 ஜனவரி வரை லீக்கே நடக்கவில்லை. ஆகவே அவர் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே அணிக்குப் போனதற்கு வேறு காரணமும் சொல்ல இடமுண்டு. எதிர்வாதம் செய்கிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: சதி எதுவும் இல்லை, ஆட்டம் குறைந்தது, வாய்ப்பும் குறைந்தது.

சரி, அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அன்றைய என்.பி.ஏ.வில் 29 அணிகள். ஒவ்வொன்றிலும் முக்கிய கார்டுகளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார இன்னும் இரண்டு மூன்று கார்டுகள். மூன்றாண்டுகளுக்கு முன் 51 புள்ளி எடுத்த, லீக்கிலேயே மிகத் துல்லியமான ஃப்ரீ த்ரோ கையுடைய 29 வயது ஆளுக்கு அந்தப் பெஞ்சில்கூடவா இடம் இல்லை? 2000-01 பருவத்தில் வான்கூவர் அணி அவரை அழைத்தது. 41 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம், சராசரி 6.5. அதன்பிறகு எந்த என்.பி.ஏ. அணியும் அவருக்கு ஆட இடம் தரவில்லை. காயமும் சரிவும் எல்லா ஆட்டக்காரருக்கும் வரும். வந்த பிறகு இன்னொரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதில்தான் பாகுபாடு வேலை செய்கிறது. 'தொந்தரவு இல்லாத' ஆளுக்கு நான்கு வாய்ப்பு, 'தொந்தரவான' ஆளுக்கு ஒன்று.

2001-இல், மிசிசிப்பியில் அவர் கட்டிய வீடு எரிந்தது. அதற்கு முன்பே அந்த வீட்டில் 'கே.கே.கே.' என்று, வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானின் எழுத்துகளைக் கிறுக்கியிருந்தார்கள். சொந்த லீக்கில் இடமில்லை, சொந்த மாநிலத்தில் வீடும் இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த "சர்வதேச அனுபவம்". 2003-04-இல் ரஷ்யாவின் உரல் மலைப்பகுதி நகரமான பெர்ம். 2004-05-இல் இத்தாலியின் ஆட்ரியாட்டிக் கரையிலுள்ள ரொசெட்டோ என்ற சிற்றூர். 2006-07-இல் கிரீஸின் தெசலோனிகியில் ஆரிஸ் அணி. பிறகு ஜெத்தாவின் அல்-இத்திஹாத். 2009 முதல் 2011 வரை ஜப்பானில் கியோட்டோ ஹன்னாரிஸ். கியோட்டோவுக்குப் போகும்போது வயது 40.

அந்த நாடுகளையோ அங்குள்ள ரசிகர்களையோ குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தெசலோனிகியிலும் இஸ்தான்புல்லிலும் கூடைப்பந்துக்கு இருக்கும் வெறி அமெரிக்காவுக்குச் சளைத்ததல்ல. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான அமெரிக்க ஆட்டக்காரர்கள் இப்படிப் போகிறார்கள். பலருக்கு அது நல்ல பிழைப்பு. ஆனால் அந்தப் பிழைப்பின் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நாட்டு லீக்குகள் ஓர் அணியில் எத்தனை வெளிநாட்டார் ஆடலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்தச் சில இடங்களுக்குத்தான் போட்டி. பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். இரண்டு ஆட்டம் சரியாக ஆடாவிட்டால் நடுப்பருவத்திலேயே வேறு வெளிநாட்டாரைக் கொண்டுவந்துவிடுவார்கள். சம்பளம் தாமதமாவதும், வராமலே போவதும் அந்த உலகில் அவ்வளவு சகஜம். அந்த வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2007-இல் ஒரு நடுவர் மன்றம் அமைக்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையான வேலையில் இருந்தவர் சட்டென்று ஒப்பந்தத் தொழிலாளி ஆவதைப் போன்றது இது. கை அதே கை, வேலையும் அதே வேலை. பாதுகாப்பு மட்டும் போய்விடுகிறது.

இது ஒருவருடைய கதை மட்டும்தானா? இல்லை. அவருக்கு முன்பே கிரெய்க் ஹாட்ஜஸ் இருக்கிறார். அவரும் கார்டு, அவரும் கறுப்பர். சிகாகோ புல்ஸ் 1991-லும் 1992-லும் கோப்பை வென்றபோது அணியில் இருந்தவர். என்.பி.ஏ.வின் மூன்று புள்ளி வீச்சுப் போட்டியை 1990, 1991, 1992 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 1991 அக்டோபரில் கோப்பை வென்ற அணி வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டபோது, ஆப்பிரிக்க உடையான தஷிகி அணிந்து போனார். கறுப்பினத்தவர், ஏழைகள் நிலை பற்றி அதிபர் புஷ்ஷுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தார்.

1992-இல் புல்ஸ் அவரை விடுவித்தது. வேறொரு என்.பி.ஏ. அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு வீச்சுப் போட்டிக்கு நடப்புச் சாம்பியனாக வந்தபோது போட்டுக்கொள்ள ஓர் அணியின் சட்டைகூட இல்லை. லீக்கின் பொதுச் சட்டையோடு ஆடினார். பிறகு இத்தாலி, துருக்கி என்று போனார். தன்னை ஒதுக்கிவைத்ததாக 1996-இல் லீக்கின் மீது வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடியானது. அவருடைய பயிற்சியாளராக இருந்த பில் ஜாக்சனே பின்னாளில், ஓர் அணிகூட அவரைப் பற்றித் தன்னிடம் விசாரிக்காதது விநோதமாக இருந்தது என்று பத்திரிகையிடம் சொன்னார்.

கவனியுங்கள், இங்கேதான் இந்த முறையின் சாமர்த்தியம் இருக்கிறது. 29 முதலாளிகள் கூடிப் பேசித் தீர்மானம் போட வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக "நமக்கெதற்கு வம்பு?" என்று நினைத்தால் போதும். தடை தானாக விழுந்துவிடும். நிரூபிக்கும் சுமையோ பாதிக்கப்பட்டவர் தலையில். வராத அழைப்பை எந்த நீதிமன்றத்தில் சாட்சியாக நிறுத்துவது? கிடைக்காத நேர்காணலுக்கு, வாடகைக்குத் தராத வீட்டுக்குச் சாட்சி தேடி அலைந்தவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல.

2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், காவல்துறை வன்முறையை எதிர்த்துக் கீதத்தின்போது முதலில் உட்கார்ந்தார், பிறகு மண்டியிட்டார். 2017-இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணியிலிருந்து வெளியே வந்தபின் எந்த அணியும் எடுக்கவில்லை. அணிகள் கூட்டுச்சேர்ந்து தன்னை ஒதுக்கியதாக முறையிட்டார். 2019-இல் லீக் அவரோடு சமரசம் செய்துகொண்டது. உலகமே அவர் பெயரை அறிந்தது. அப்துல் ரவூஃபுக்கும் ஹாட்ஜஸுக்கும் ஏன் அப்படி நடக்கவில்லை? சமூக ஊடகம் ஒரு காரணம். இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அமெரிக்கக் கால்பந்துக்குக் கனடாவைத் தாண்டி உலகில் பெரிய சந்தை கிடையாது. கேப்பர்னிக் போக இடம் இல்லாததால் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலி இடம் எல்லோர் கண்ணிலும் பட்டது. கூடைப்பந்துக்கோ உலகெங்கும் லீக்குகள். அப்துல் ரவூஃப் பெர்மில் ஆடிக்கொண்டிருந்தார், ரொசெட்டோவில் ஆடிக்கொண்டிருந்தார். "அதான் ஆடுகிறாரே" என்று அமெரிக்காவின் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கியது. அந்த ஆறு நாடுகள் அவருக்குச் சோறு போட்டன. அவரை வெளியேற்றியவர்களுக்கோ அவை மறைவிடமாகவும் உதவின.

2020 ஜூலையில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, ஆர்லாண்டோவில் என்.பி.ஏ. ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது தரையில் 'கறுப்பர் உயிர்களும் முக்கியம்' என்ற முழக்கம் எழுதப்பட்டிருந்தது. வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் என்று கிட்டத்தட்ட எல்லோரும் கீதத்துக்கு மண்டியிட்டார்கள். விதிப்புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. அதை அமல்படுத்தப் போவதில்லை என்று லீக்கின் தலைவர் ஆடம் சில்வர் சொல்லிவிட்டார். யாருக்கும் 31,707 டாலர் போகவில்லை.

மகிழ்ச்சிதான். ஆனால் 1996-இல் அந்த விதி அவ்வளவு புனிதமாக இருந்தது ஏன்? அன்று ஒருவர் தனியாக நின்றார், 2020-இல் எல்லோரும் சேர்ந்து நின்றார்கள் என்பதுதான் பதில். விதியின் வலிமை எப்போதும் எதிரில் நிற்கிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கூடிக் குறைகிறது. தனியாளைப் பிடித்து நசுக்கிய விதி, கூட்டத்தைப் பார்த்ததும் வழிவிட்டது. அந்தக் கூட்டம் சேரும்வரை விலை கொடுத்தவர்களுக்கு லீக் என்ன திருப்பிக் கொடுத்தது?

அதே 2020-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அவருடைய 35-ஆம் எண் சட்டையை ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது. 2022-இல் அவருடைய தன்வரலாறு வந்தது. வெளியிட்டது கேப்பர்னிக்கின் பதிப்பகம். 2023-இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. நல்லது. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்குத் தரும் மாலையால், முப்பது வயதில் பறித்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. எதிர்த்துப் பேசியவர் ஆபத்தில்லாத வயதுக்கு வந்த பிறகு அவருக்குச் சிலை வைக்கும் வழக்கம் எல்லா ஆதிக்கங்களுக்கும் உண்டு. 2017-இல் தன் 48-ஆம் வயதில் பிக்-3 என்ற மூவர் அணிப் போட்டியில் அவர் களமிறங்கினார். அந்தக் கை அப்போதும் வீசிக்கொண்டுதான் இருந்தது.

இனி எந்த விளையாட்டிலாவது, எந்த அலுவலகத்திலாவது, திறமையான ஒருவர் சட்டென்று காணாமல் போய் எங்கோ தூரத்தில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டால், "ஏன் போனார்?" என்று அவரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள் தோழர்களே. அவர் போவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன பேசினார் என்று பாருங்கள். அவரை அழைக்காதவர்களிடம், ஏன் அழைக்கவில்லை என்று கேளுங்கள். மஹ்மூத் அப்துல் ரவூஃபுக்காக 1998-இல் அந்தக் கேள்வியைப் போதுமான பேர் கேட்கவில்லை.